ஒரே மூளை, இரண்டு அளவுகள்: மதுரை ஆய்வுக்கூடம் ஒன்றில் இயங்குதளம் மாறியபோது

ஒருவருடைய மூளையின் எம்ஆர்ஐ படத்தை, ஒரே பதிப்பு எண் கொண்ட ஒரே மென்பொருளில், இரண்டு கணினிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் கன அளவு இரண்டிலும் ஒன்றாக வரவில்லை. கணினிகளில் பழுது இல்லை, படத்திலும் குறை இல்லை. அடியில் இருந்த இயங்குதளம்தான் வேறாக இருந்தது.

இது மதுரையில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. இங்கே கல்லூரிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் லினக்ஸ் கணினிகளை அமைத்துப் பராமரிப்பது என் வேலை. காரணம் தேடுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூடத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். அளவீட்டு எண்களையும் தரப்போவதில்லை, அவை ஆய்வு மாணவியின் ஆய்வேட்டுக்கு உரியவை. என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதை முழுதாக எழுதுகிறேன். பாதி வேலையைப் பழைய கணினியிலும் மீதியைப் புதிய கணினியிலும் செய்கிற எந்தக் கூடத்துக்கும் இது நேரலாம்.

ஆய்வும் அதன் ஆட்களும்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று சுற்றுப்பக்க ஊர்களிலிருந்து சர்க்கரை நோய்க்கு மதுரைக்கு வந்து மருந்து வாங்கிப்போகும் பெரியவர்கள் ஏராளம். அவர்களில் 60 வயதைக் கடந்து, நெடுநாளாகச் சர்க்கரை இருந்து, "ஞாபகம் முன்ன மாதிரி இல்லம்மா" என்று சொல்பவர்களின் ஹிப்போகாம்பஸ், அதே வயதுள்ள நலமானவர்களைவிடச் சுருங்கியிருக்கிறதா? மாணவி எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். நல்ல கேள்வி. விடை உறுதியாகத் தெரிந்தால் மறதியைப் பற்றிச் சர்க்கரை நோயாளிகளிடம் முன்கூட்டியே பேச முடியும்.

நோயாளிகளுக்குப் புதிதாக ஸ்கேன் எடுத்தார்கள். ஒப்பிடுவதற்கு நலமானவர்கள் வேண்டுமே, அதற்குப் புதிதாக ஆள் தேடவில்லை. அதே கூடத்தில் முன்பு படித்த ஒரு மாணவர் தன் ஆய்வுக்காக நலமான முதியவர்களுக்கு ஸ்கேன் எடுத்து, ஹிப்போகாம்பஸ் அளவுகளைக் கணக்கிட்டு, ஓர் எக்செல் அட்டவணையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதே 1.5 டெஸ்லா ஸ்கேன் இயந்திரம், அதே அமைப்புகள், அதே மென்பொருள். மறுபடி ஏன் கணக்கிட வேண்டும் என்று அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பணமும் நேரமும் குறைவாக உள்ள கூடங்களில் இது வழக்கமானதுதான். முதியவர்களை மறுபடி அழைத்து ஸ்கேன் எடுக்காமல் இருந்தது சரியான முடிவும்கூட. ஆனால் படங்களை எடுத்துக்கொள்வதும் படங்களிலிருந்து வந்த எண்களை எடுத்துக்கொள்வதும் ஒன்றில்லை.

மென்பொருள் எஃப்எஸ்எல். ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது, மூளைப் படங்களை ஆராய்கிறவர்கள் உலகெங்கும் பயன்படுத்துவது. அதிலுள்ள ஃபர்ஸ்ட் என்ற கருவி ஹிப்போகாம்பஸ், தலாமஸ் போன்ற உள்பகுதிகளைத் தானாகவே பிரித்து வரையும். 336 மூளைப் படங்களில் வல்லுநர்கள் கையால் வரைந்த எல்லைகளிலிருந்து அது ஒவ்வொரு பகுதியின் வடிவத்தையும் கற்றிருக்கிறது. புதிய படம் வந்தால், முதலில் அதை ஒரு பொதுவான மாதிரி மூளையோடு பொருத்தும். அப்புறம் கற்ற வடிவத்தை அந்தப் படத்துக்கு ஏற்றபடி வளைத்து எல்லை போடும். கடைசியில் எல்லையோரத்தில் உள்ள ஒவ்வொரு வோக்ஸலையும், அதாவது படத்தின் ஒவ்வொரு கனச்சதுரப் புள்ளியையும், உள்ளே சேர்ப்பதா வெளியே தள்ளுவதா என்று முடிவு செய்யும்.

ஒரு பக்க ஹிப்போகாம்பஸ் சுமார் 3 முதல் 4 கன சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் வோக்ஸலில் பார்த்தால் அது மூவாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். நீண்டு வளைந்த வடிவம் என்பதால் அவற்றில் பெரும் பங்கு எல்லையோரத்தில் இருக்கும். அல்சைமர் நோயாளிகளுக்கு இந்தப் பகுதி ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 விழுக்காடும், நலமான முதியவர்களுக்கு ஒன்றரை விழுக்காடு அளவிலும் சுருங்குவதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. இவ்வளவு சிறிய மாற்றத்தைத் தேடும்போது எல்லையில் நூறு புள்ளிகள் இப்படி அப்படி ஆனாலும் விடை புரண்டுவிடும்.

கணினி ஏன் மாறியது

பழைய கணினியில் லினக்ஸின் ஒரு வகையான டெபியனின் 9-ஆம் பதிப்பு இருந்தது. எஃப்எஸ்எல் அதில் நியூரோடெபியன் வழியாக நிறுவப்பட்டிருந்தது. மூளை ஆய்வு மென்பொருள்களை டெபியன், உபுண்டு கணினிகளில் ஒரே கட்டளையில் நிறுவ வழிசெய்த திட்டம் அது. மைக்கேல் ஹாங்கேயும் யாரோஸ்லாவ் ஹால்சென்கோவும் அதன் முன்னோடிகள். நரம்பியல் ஆய்வு லினக்ஸில்தான் ஓடுகிறது என்று அவர்கள் 2011-இல் எழுதினார்கள், அது இன்றும் பெருமளவு உண்மை. எஃப்எஸ்எல், ஃப்ரீசர்ஃபர், ஏஎஃப்என்ஐ போன்ற பெரிய தொகுப்புகள் எல்லாம் லினக்ஸையும் மேக்கையும் நம்பி வளர்ந்தவை. விண்டோஸில் அவற்றை ஓட்ட, உள்ளே ஒரு லினக்ஸைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

டெபியன் 9-க்கான நீண்டகாலப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2022 ஜூன் 30-ஓடு நின்றன. புதுப்பிப்பு இல்லாத கணினியை நெட்வொர்க்கில் வைக்க முடியாது என்று நிர்வாகம் சொன்னது. அது நியாயமான கண்டிப்பு. யுபிஎஸ் பேட்டரியும் போய்விட்டதால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாட்களில் கணக்கீடு பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. புதிய கணினி வாங்கி, லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டு 22.04 போட்டார்கள். அளவுகள் மாறிவிடக் கூடாது என்ற அக்கறையோடு, பழையதில் இருந்த அதே எண்ணுள்ள எஃப்எஸ்எல் பதிப்பைத் தேடி எடுத்து, தேவையான பழைய நூலகக் கோப்புகளையும், அதாவது மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணை நிரல்களையும், சேர்த்து ஓட வைத்தார்கள். அது சென்ட்ஓஎஸ் என்ற வேறொரு லினக்ஸ் வகைக்காகத் தொகுக்கப்பட்ட (மூல நிரலிலிருந்து ஓடும் கோப்பாக மாற்றப்பட்ட) வடிவம். பதிப்பு எண் ஒன்றாக இருந்ததால் வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

இப்படித்தான் நலமானவர்களின் எண்கள் எல்லாம் டெபியன் 9-இலும் நோயாளிகளின் எண்கள் எல்லாம் உபுண்டு 22.04-இலும் பிறந்தன. இந்த நிகழ்வின் ஆணிவேர் இதுதான். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒருவரின் மல்லிகையை ஒரு தராசிலும் மற்றவரின் மல்லிகையை இன்னொரு தராசிலும் நிறுத்துவிட்டு, யாருடையது அதிகம் என்று கேட்பது போன்றது. இரண்டு குழுக்களும் இரண்டு கணினிகளிலும் கலந்து ஓடியிருந்தால் முடிவில் கொஞ்சம் இரைச்சல் கூடியிருக்கும், அவ்வளவுதான். குழுவும் கணினியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால், நோய் செய்ததையும் கணினி செய்ததையும் எந்தப் புள்ளியியல் கணக்காலும் பிரிக்க முடியாமல் போயிற்று.

கண்ணுக்குப் பட்டது

மாணவி முடிவுகளைக் காட்டினார். நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் தெளிவாகச் சிறியது, தற்செயல் என்று சொல்ல முடியாத அளவு வித்தியாசம். ஆய்வு மாணவர் யாரும் மகிழும் முடிவு. வழிகாட்டிப் பேராசிரியர் எண்களைப் பார்த்துவிட்டு, சில நோயாளிகளின் படங்களைத் திரையில் போடச் சொன்னார்.

"ஏம்மா, நம்பர் இவ்வளவு குறையுதுங்குது. படத்தைப் பார்த்தா அவ்வளவு சுருங்கின மாதிரி எனக்குத் தெரியலையே."

"எல்லாம் ஒரே மெத்தட்தான் சார்."

"மெத்தட் சரி. எந்த மெஷின்ல ஓட்டுன?"

ஆயிரக்கணக்கான ஸ்கேன்களைப் பார்த்துப் பழகிய கண் அது. அந்தக் கேள்வி எழாமல் போயிருந்தால் கட்டுரை இதழுக்குப் போயிருக்கும், வெளியாகியும் இருக்கலாம். மென்பொருள் தரும் எண்ணைப் படத்தோடு வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு ஈடாக எந்தத் தானியங்கிச் சோதனையும் கிடையாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

எக்செல் அட்டவணையில் கணினியின் பெயரோ இயங்குதளமோ எழுதப்படவில்லை. பழைய கோப்புகளின் தேதிகளையும் பதிவுக் கோப்புகளையும் வைத்துத்தான் எது எங்கே ஓடியது என்று உறுதி செய்ய முடிந்தது. மாணவி என்னை அழைத்தபோது முதலில் கேட்டதே இதுதான்: "அண்ணே, வெர்ஷன் ஒண்ணா இருந்தா ரிசல்ட்டும் ஒண்ணாத்தானே இருக்கணும்?"

சோதித்த விதம்

பழைய கணினியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, தனியாக உயிர்ப்பித்தோம். நலமான முதியவர்களின் மூலப் படங்கள் சிலவற்றை எடுத்து இரண்டு கணினிகளிலும் ஓட்டினோம். பழைய கணினியில் வந்த அளவுகள் எக்செல் அட்டவணையோடு அப்படியே பொருந்தின. இது முக்கியமான படி. பழைய எண்களைத் திரும்பப் பெற முடிகிறது, அவை கைப்பிழை இல்லை என்பது இதில் உறுதியாயிற்று. புதிய கணினியில் அளவுகள் மாறின. சிலருக்குக் கடுகளவு, சிலருக்குக் கவலைப்படும் அளவு. பெரும்பாலானவர்களுக்குக் குறைவான பக்கமாகவே மாறியிருந்தன.

வித்தியாசம் எந்தப் படியில் நுழைகிறது என்று அடுத்துப் பார்த்தோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு கோப்புகள் ஒன்றா என்று பார்க்க எல்லோரும் எம்டி5 கையொப்பத்தை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு சிறு குறியீட்டை, ஒப்பிடுவார்கள். மூளைப் படக் கோப்புகள் பெரும்பாலும் ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்டவை. சுருக்கிய கோப்பின் தலைப்பகுதியில் நேரம் போன்ற விவரங்கள் சேரலாம், படத்தின் தலைப்பகுதியில் மென்பொருளின் பெயரும் எண்ணும் பதியலாம். அதனால் படம் ஒன்றாகவே இருந்தும் கையொப்பம் மாறக்கூடும். ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்து, மீதி பூச்சியமா என்று வோக்ஸல் வோக்ஸலாகப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

அப்படிப் பார்த்ததில், ஸ்கேன் மையம் தந்த குறுவட்டின் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்புகளை, ஆய்வு மென்பொருள்கள் படிக்கும் நிஃப்டி என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றும் படி இரண்டு கணினிகளிலும் பிசகில்லாமல் ஒன்றாக இருந்தது. மாதிரி மூளையோடு பொருத்தும் படியில் வேறுபாடு தொடங்கியது. பொருத்தத்தின் விடை பதினாறு எண்கள் கொண்ட ஒரு சிறிய உரைக் கோப்பு. அதில் கடைசி இலக்கங்கள் மட்டும் மாறியிருந்தன. அதைப் பார்த்த யாரும் இதனால் என்ன ஆகிவிடும் என்றுதான் சொல்வார்கள். வடிவத்தை வளைத்துப் பொருத்தும் படியில் அந்த வேறுபாடு பெருகியது. எல்லைப் புள்ளிகளைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் படியில் கண்ணால் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இப்போது குற்றவாளி யார்? வன்பொருளும் மாறியிருக்கிறது, இயங்குதளமும் மாறியிருக்கிறது, மென்பொருளைத் தொகுத்த விதமும் மாறியிருக்கிறது. மூன்றையும் பிரிக்க வேண்டும். புதிய கணினிக்குள்ளேயே டெபியன் 9-ஐ ஒரு கன்டெய்னராக, அதாவது தனக்கு வேண்டிய நூலகங்களோடு தனியே ஓடும் ஒரு மூடிய சூழலாக, அமைத்து, பழைய கணினியில் இருந்த அதே தொகுப்பை அதில் நிறுவி ஓட்டினோம். அளவுகள் பழைய கணினியோடு வோக்ஸல் அளவில் பொருந்தின. ஆக, வன்பொருள் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இல்லை. பிறகு சென்ட்ஓஎஸ்-க்காகத் தொகுத்த வடிவத்தை டெபியன் 9 கன்டெய்னரில் ஓட்டினோம். வேறுபாட்டில் ஒரு சிறு பங்கு அங்கே தெரிந்தது. மீதிப் பெரும்பங்கு இயங்குதளத்தின் கணித நூலகத்தின் கணக்கில் சேர்ந்தது.

கணித நூலகம் என்ன செய்கிறது

கணினி தசம எண்களை முழுதாக வைத்துக்கொள்வதில்லை. ஒற்றைத் துல்லியத்தில் ஓர் எண்ணுக்கு 32 பிட், அதாவது சுமார் 7 இலக்கங்கள். இரட்டைத் துல்லியத்தில் 64 பிட், சுமார் 15 இலக்கங்கள். ஒரு முழு மூளைப் படத்தில் ஒரு கோடி வோக்ஸல்கள்கூட இருக்கும் என்பதால் நினைவகத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கப் பல மென்பொருள்கள் ஒற்றைத் துல்லியத்தைப் பயன்படுத்துகின்றன.

மூன்று இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு கணினியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தோடு 4-ஐக் கூட்டினால் 1004, மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் மறுபடி 1000. இன்னொரு 4-ஐக் கூட்டினாலும் 1000தான். முதலில் 4-ஐயும் 4-ஐயும் கூட்டி 8 ஆக்கி, அப்புறம் ஆயிரத்தோடு சேர்த்தால் 1008, சுருக்கினால் 1010. அதே மூன்று எண்கள், கூட்டிய வரிசை மட்டும் வேறு. மென்பொருளைத் தொகுக்கும் கருவியான தொகுப்பான் (கம்பைலர்) மாறினாலும், ஒரே நேரத்தில் ஓடும் இழைகளின் எண்ணிக்கை மாறினாலும் இந்த வரிசை மாறக்கூடும்.

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடை எப்படிச் சுருக்கப்பட வேண்டும் என்று ஐட்ரிபிள்இ 754 என்ற தர விதி 1985 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. சைன், காஸ், அடுக்குக்குறி போன்ற சார்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2008 திருத்தம் அவற்றுக்கும் சரியான சுருக்கத்தைப் பரிந்துரைத்ததோடு நின்றது. அதனால் ஒவ்வொரு கணித நூலகமும் தன் வழியில் கணக்கிட்டு, கடைசி இலக்கத்தில் கொஞ்சம் மாறிய விடை தரலாம். எதுவும் தவறு இல்லை, எல்லாம் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான்.

லினக்ஸில் இந்தச் சார்புகளைத் தருவது கிளிப்சி என்ற அடிப்படை நூலகம். டெபியன் 9-இல் இருந்தது கிளிப்சி 2.24. உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. இடையில், 2018 பிப்ரவரியில் வெளியான 2.27-இல் அடுக்குக்குறி, சைன், காஸ் உள்ளிட்ட பல சார்புகளின் ஒற்றைத் துல்லிய வடிவங்கள் வேகத்துக்காகப் புதிதாக எழுதப்பட்டன. அந்த மாற்றம் எல்லோருக்கும் நன்மை. ஆனால் அதற்கு முன்பும் பின்பும் ஓடிய மூளைக் கணக்குகளை ஒரே அட்டவணையில் வைக்கும்போது அது ஒரு மறைமுகக் கோடாகிவிடுகிறது.

கடைசி இலக்க மாற்றம் இவ்வளவு பெரிதாவது ஏன் என்று மாணவி கேட்டார். மூளையைப் பொருத்துவது ஒரு தேடல். மென்பொருள் படத்தைக் கொஞ்சம் திருப்பும், கொஞ்சம் நகர்த்தும், பொருத்தம் கூடுகிறதா என்று பார்க்கும், கூடினால் அந்தத் திசையில் போகும். இரண்டு திசைகள் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில் ஏழாவது இலக்கம்தான் எந்தப் பக்கம் போவதென்று முடிவு செய்கிறது. அங்கே பிரிந்த இரண்டு தேடல்களும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு வேறு இடங்களில் போய் நிற்கும். எல்லை மங்கலாகத் தெரியும் படங்களில் இது அதிகம் நடக்கும். 1.5 டெஸ்லாவில், அசையாமல் படுக்க முடியாத முதியவர்களுக்கு எடுத்த படங்கள் அப்படித்தான் இருக்கும்.

இது மதுரைக்கு மட்டும் நேர்ந்ததில்லை

ஃப்ரீசர்ஃபரை வைத்து நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் 2012-இல் இதைச் சோதித்தார்கள். மென்பொருள் பதிப்பு மாறியபோது மூளைப் பகுதிகளின் கன அளவு சராசரியாக 8.8 விழுக்காடு மாறியது. பகுதியைப் பொறுத்து 1.3 முதல் 64 விழுக்காடு வரை போயிற்று. மேக் இயங்குதளம் 10.5-இலிருந்து 10.6-க்கு மாறியபோதும், மேக்கிலிருந்து எச்பி கணினிக்கு மாறியபோதும் வந்த வேறுபாடு அதில் ஏறக்குறைய பாதி. நோய்கள் மூளையில் உண்டாக்கும் மாற்றங்களின் அளவுக்கே இவை வருகின்றன என்று அவர்கள் எழுதினார்கள். எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடாமல் நடுவில் இயங்குதளத்தையோ பதிப்பையோ மாற்றாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள்.

2015-இல் ட்ரிஸ்டன் கிளாட்டார்டும் உடன் ஆய்வாளர்களும் வெவ்வேறு லினக்ஸ் பதிப்புகளில் எஃப்எஸ்எல், ஃப்ரீசர்ஃபர், சிவெட் மூன்றையும் ஓட்டி, வேறுபாட்டின் வேரைத் தேடினார்கள். ஒற்றைத் துல்லியக் கணிதச் சார்புகளே காரணம் என்று காட்டியது அந்த ஆய்வுதான். மண்டை ஓட்டை நீக்குவது போன்ற சின்ன வேலைகளில் பாதிப்பு இல்லை அல்லது மிகக் குறைவு. நீண்ட கணக்குகளில் அது சேர்ந்து பெருகுகிறது. எஃப்எஸ்எல் பிரித்த உள்பகுதிகளை இரண்டு இயங்குதளங்களுக்கிடையே ஒப்பிட்டபோது, முழுப் பொருத்தத்துக்கு 1 என்று மதிப்பிடும் டைஸ் அளவுகோலில் பெரும்பாலானவை 0.9-க்கு மேலே இருந்தன. ஆனால் 0.59 வரை இறங்கியதும் உண்டு. எங்கள் சோதனையில் கண்ட அமைப்பும் இதேதான்: பலருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்கு நிறைய ஆயிற்று. சராசரியை மட்டும் பார்த்தால் அந்தச் சிலர் கண்ணில் பட மாட்டார்கள்.

சரிசெய்ததும், பிறகு வந்த இன்னொன்றும்

எக்செல் அட்டவணையை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு குழுவினரின் மூலப் படங்களையும் முதலிலிருந்து ஒரே சூழலில் ஓட்டுவது என்று முடிவாயிற்று. பழைய மாணவர் மூலப் படங்களை அழிக்காமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டுப் போனதால்தான் இது முடிந்தது. அவருக்கு இந்தக் கூடம் நிறையவே கடன்பட்டிருக்கிறது.

சூழலை உபுண்டு 22.04 அடிப்படையில் ஒரே கன்டெய்னர் கோப்பாகக் கட்டி, கன்டெய்னர்களை ஓட்டும் சிங்குலாரிட்டி என்ற மென்பொருளில் ஓட்டினோம். அதே வேலையைச் செய்யும் டாக்கர் அதைவிடப் பிரபலம். ஆனால் பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் ரூட் அதிகாரத்தை, அதாவது கணினியின் முழுக் கட்டுப்பாட்டை, பகிராமல் ஓட்ட சிங்குலாரிட்டி வசதியானது, முழுச் சூழலும் ஒற்றைக் கோப்பாக இருப்பதால் பத்திரப்படுத்தவும் எளிது. யார் நோயாளி, யார் நலமானவர் என்று தெரியாதபடி பெயர்களை எண்களாக மாற்றி, கலைத்துப்போட்டு ஓட்டினார்கள்.

முடிவு? இரண்டு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளி நன்றாகக் குறைந்தது. நோயாளிகளின் சராசரி இன்னும் சிறிதாகத்தான் இருக்கிறது, ஆனால் தற்செயல் இல்லை என்று சொல்லும் வரம்பை அது தாண்டவில்லை. மாணவி சோர்ந்துபோனார், யாராக இருந்தாலும் சோர்வார்கள். "தப்பான உண்மையைக் கண்டுபிடிக்காம தப்பிச்சோம்மா" என்றார் பேராசிரியர். இன்னும் நோயாளிகளைச் சேர்க்க அனுமதி வாங்கி ஆய்வைத் தொடர்கிறார்கள்.

வேலை முடிந்தது என்று நினைத்தபோது, அதே கன்டெய்னரைப் பழைய கணினியிலும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று மாணவி சொன்னார். சூழல் முழுதும் கன்டெய்னருக்குள் இருக்கிறது, விடை ஒன்றாகத்தானே வர வேண்டும். ஓரிருவருக்கு மிகச் சிறிய வேறுபாடு வந்தது.

இதற்குக் காரணம் சிபியு. கன்டெய்னர் நூலகங்களைச் சுமந்துவரும், ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் சிபியுவும் அது ஓடும் கணினியுடையவை. புதிய கிளிப்சி ஓடத் தொடங்கும்போது, தான் எந்த சிபியுவில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற சார்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும். இன்டெல் 2013-இல் ஹாஸ்வெல் சிபியுக்களில் கொண்டுவந்த எஃப்எம்ஏ என்ற வசதி பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில், நடுவில் சுருக்காமல் செய்யும். எஃப்எம்ஏ உள்ள கணினியில் ஒரு வடிவம், இல்லாத கணினியில் வேறு வடிவம். கூடத்தின் பழைய கணினி ஹாஸ்வெலுக்கு முந்தியது. முதல் சோதனையில் புதிய கணினியில் ஓடிய டெபியன் 9 கன்டெய்னர் பழைய கணினியோடு அப்படியே பொருந்தியதற்கும் விளக்கம் இதில் இருக்கிறது: ஒற்றைத் துல்லியச் சார்புகளுக்கு எஃப்எம்ஏ வடிவங்கள் கிளிப்சியில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

கன்டெய்னர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பயிலரங்குகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பெருமளவு சரியாகும், முழுதாக ஆகாது. ஓர் ஆய்வை வெவ்வேறு கணினிகளில் பங்குபோட்டு ஓட்டுகிறவர்கள் சிபியு வகையையும் குறித்துவைக்க வேண்டும்.

இன்னும் ஒரு வழி உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. எண்கள் இயங்குதளத்தால் எவ்வளவு ஆடும் என்று தெரிந்துகொள்ள, கணக்கின் கடைசி பிட்டுகளில் வேண்டுமென்றே சிறு இரைச்சலைக் கலந்து பலமுறை ஓட்டிப் பார்ப்பது. கிளாட்டார்ட் குழுவினர் 2021-இல் இதைக் கணித நூலகத்துக்கே செய்து, இயங்குதளப் புதுப்பிப்புகள் உண்டாக்கும் ஆட்டத்தை அப்படியே பாவிக்க முடியும் என்று காட்டினார்கள். ஒவ்வொருவரின் அளவும் எவ்வளவு உறுதியானது என்ற மதிப்பு இதில் கிடைக்கும். ஆடாதவர்களை நம்பலாம், அதிகம் ஆடுகிறவர்களின் படத்தை எடுத்துக் கண்ணால் பார்க்கலாம். நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் மதுரைக் கூடம் இதைச் சில படங்களுக்கு மட்டும் செய்யத் திட்டமிட்டிருக்கிறது.

கூடத்தில் இப்போதுள்ள ஏற்பாடு

உபுண்டுவில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாகவே நிறுவப்படும், கிளிப்சியும் அதில் அடங்கும். அதை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்துவது ஆபத்து. கணக்கீடு கன்டெய்னருக்குள் நடப்பதால், வெளியே கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் நகராது. கன்டெய்னரை மாற்ற நேர்ந்தால், குறித்துவைத்த சில படங்களை முதலில் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, வோக்ஸல் அளவில் ஒப்பிட்ட பிறகே மாற்றுவார்கள்.

முடிவு அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் கன்டெய்னரின் கையொப்பம், கணினிப் பெயர், சிபியு வகை, ஓடிய தேதி ஆகியவை தானாகவே பதியும். கையால் எழுதச் சொன்னால் ஒரு வாரத்தில் விட்டுப்போகும். ஸ்கேன் மையத்தின் குறுவட்டில் இனிஷியலும் புள்ளியும் இடைவெளியும் கலந்த கோப்புறைப் பெயர்கள் வரும், விண்டோஸ் லேப்டாப்பில் திருத்திய பட்டியல்களில் வரிமுடிவுக் குறி மாறியிருக்கும். இவற்றையெல்லாம் ஒரு சிறிய நிரல் முதலிலேயே ஒழுங்குசெய்துவிடும்.

நினைவுத் தேர்வுக்குப் பயன்படும் லேப்டாப்பைப் பற்றியும் பேச்சு வந்தது. திரையில் படம் காட்டி, பொத்தானை அழுத்த எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அளக்கும் தேர்வு அது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) 16.7 மில்லிவினாடி. இயங்குதளம் திரையைக் கையாளும் விதத்தால் படம் ஒரு சட்டம் தாமதமாகத் தோன்றினால் அந்த நேரம் முழுதும் நோயாளியின் தலையில் விழும். அதற்குத் தனியாக ஒரு லேப்டாப்பை ஒதுக்கி, தேர்வு நடக்கும்போது இணையத்தைத் துண்டித்துவிடுகிறார்கள்.

பழைய மாணவரின் ஆய்வேடு என்ன ஆவது என்ற கவலை கடைசியாக எழுந்தது. அவருடைய இரண்டு குழுக்களும் அதே டெபியன் 9 கணினியில், அதே தொகுப்பில் ஓடியவை. அதனால் குழுக்களை ஒப்பிட்டு அவர் எழுதிய முடிவு நிற்கிறது, திருத்தம் தேவையில்லை. அந்த ஆய்வேட்டில் உள்ள கன அளவுகளை வேறு கூடத்தின் எண்களோடு வரிசையில் வைக்கக் கூடாது என்ற குறிப்பை மட்டும் கூடத்தின் பதிவேட்டில் சேர்த்திருக்கிறார்கள். புதிய ஆய்வேட்டின் முறைகள் பகுதியில் ஸ்கேன் இயந்திரத்தின் அமைப்புகளை அடுத்து இயங்குதளம், கிளிப்சி பதிப்பு, சிபியு மூன்றும் ஒரு பத்தியாக இடம்பெறுகின்றன.